பெட்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது

ஒரே சாமானை ஆளாளுக்குத் தனித்தனியாக வாங்குவதைப் பார்த்தாலே டெல்பினுக்கு எரிச்சல் வரும். அடுத்தடுத்த வீட்டுக்காரர்கள் ஆளுக்கொரு ஏணி வாங்கிச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தால்கூட அவளால் சும்மா தாண்டிப் போக முடியாது. "ரெண்டு பேரும் ஒரே நாள்ல ஒட்டடை அடிக்கப் போறீங்களா?" என்று நின்று கேட்டுவிட்டுத்தான் போவாள்.

தொட்டிகானூர் ஊராட்சியின் செயலர் அவள். ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷன் ஜான்பீட்டர் ஓசூரில் ஒரு வார்ப்பு ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். ஒரே மகள் ப்ரீதா ரியாத்தில் நர்ஸ். ஜூஜுவாடியில் நெடுஞ்சாலையை விட்டு உள்ளே திரும்பினால், கம்பெனி மதில்களுக்கும் ரோஜா ஷெட்டுகளுக்கும் நடுவே தொட்டிகானூர், பேரிகானப்பள்ளி, கெம்பசந்திரம் என்று மூன்று ஊராட்சிகள் தோளோடு தோள் உரசிக்கொண்டு கிடக்கும். வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், ஆபீசில் தமிழ் என்று மூன்றையும் ஒரே மூச்சில் பேசுகிற ஜனம். ஆனால் ஒரு தெருவிளக்கு பல்பு வாங்க வேண்டுமென்றால் மூன்று செயலர்களும் தனித்தனியாகப் பஸ் ஏறி ஓசூர் போவார்கள்.

ஒருநாள் ஒன்றிய ஆபீஸ் கூட்டத்தில் டீ குடிக்கும்போது பேச்சு அந்த பல்பைப் பற்றி வந்தது. ஓசூர் கடைக்காரர் மூன்று பேருக்கும் மூன்று விலை போட்டிருந்தார். மூன்று பேரிடமும் தனியாகக் கூப்பிட்டு, உங்களுக்காகத்தான் இந்த விலை, வெளியே சொல்லாதீர்கள் என்று சொல்லியிருந்தார். டெல்பினுக்கு வந்த கோபம் அந்த வருஷம் முழுக்க ஆறவில்லை. பேரிகானப்பள்ளிச் செயலர் வெங்கடப்பனையும் கெம்பசந்திரத்துச் செயலர் சாஜிதையும் உட்கார வைத்து, இனி மூன்று ஊருக்கும் சேர்த்து ஒரே விலைப்புள்ளி கேட்போம், ஒரே இடத்தில் வாங்குவோம் என்று பேசி முடித்தாள். வெங்கடப்பன் ஓய்வு பெறுகிற வயதை நெருங்கிக்கொண்டிருந்தவர், பதமான மனிதர், யாரையும் அம்மா, அண்ணா சேர்க்காமல் கூப்பிட மாட்டார். சாஜித் சின்னப் பையன், வேலைக்கு வந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது.

பல்பு மலிவாக வந்தது. பிறகு பிளீச்சிங் பவுடர், குழாய் சாமான், மோட்டார் ரிப்பேர் என்று எல்லாம் கூட்டாகவே நடந்தது. மோட்டார் எரிந்தால் வாரக்கணக்கில் காத்துக் கிடந்த ஊர்களில் மறுநாளே தண்ணீர் ஏறியது. கிருஷ்ணகிரியில் நடந்த கூட்டத்தில் பெரிய அதிகாரி ஒருவர் எழுந்து, மற்ற ஊராட்சிகளும் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். டெல்பின் அன்று மத்தியானச் சாப்பாட்டில் கையே வைக்கவில்லை. சந்தோஷம் வந்தால் அவளுக்குப் பசிக்காது.

அந்தச் சூட்டில்தான் ஃப்ரீசர் பெட்டி யோசனை வந்தது. இந்தப் பக்கத்தில் பிள்ளைகளெல்லாம் மஸ்கட், ரியாத் என்று போய்விட்டவர்கள். பெற்றவர்கள் செத்தால் முகம் பார்க்க ஓடி வர வேண்டும். அதுவரை உடம்பைக் குளிரில் வைக்க ஓசூர் பஷீர் அஹமதுவிடம்தான் வாடகைக்குப் பெட்டி எடுப்பார்கள். சாவு வீட்டில் யாரும் பேரம் பேச மாட்டார்கள் என்பது பஷீருக்குத் தெரியும். மூன்று ஊரும் சேர்ந்து ஒரு பெட்டி வாங்கி இலவசமாகவே அனுப்பலாமே என்றாள் டெல்பின். தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து அதிகாரிகளே கையெழுத்துப் போடுகிற நேரம் அது. குறுக்கே விழுந்து மறிக்க யாரும் இல்லை.

வெங்கடப்பன் மட்டும் டீ கிளாசைச் சுற்றிக்கொண்டே கேட்டார்.

"பொட்டி காலனிக்கும் போகுமாம்மா?"

"எல்லாருக்குந்தாண்ணா."

"எனக்கொண்ணும் இல்லம்மா. நாங்க எல்லாத்தையும் பாத்தாச்சு. ஆனா நாளைக்கு எங்கூர்ல ஒருத்தர் போயிட்டாருன்னு வெச்சுக்க. அவங்கள வெச்ச பொட்டியில எங்காள வெக்க மாட்டோம்னு ஊரு நின்னா என்னா பண்ணுவ? மூணு ஊரு காசு போட்ட சாமான் சும்மா கெடக்கும். இத எங்கயும் எழுத வேணாம். நாம நடத்திக்கலாம்."

சாஜித் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். டெல்பின் அந்த இடத்தில் எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. மூன்று ஊர் கூட்டு உடைந்துவிடக் கூடாது என்பதுதான் அவள் மனதில் முன்னால் நின்றது. தாளில் எல்லோருக்கும் என்று எழுதி வைத்துவிட்டு, கொடுக்க முடியாதபோது நாசூக்காக ஒரு காரணம் சொல்லிக்கொள்ளலாம் என்று தலையாட்டினாள். அந்தக் காரணத்தையும் அவளே செய்து கொடுத்தாள். பெட்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது, சாயங்காலத்துக்குள் வந்துவிடும், வந்ததும் அனுப்புகிறேன். வெறுமனே இல்லை என்றால் சண்டைக்கு வருவார்கள், சாயங்காலம் என்றால் காத்திருப்பார்கள் என்று விளக்கமும் சொன்னாள். பொய்யில்கூட வீண் செலவு பிடிக்காது அவளுக்கு. மூன்று ஆபீசுக்கும் ஒரே பொய்.

பெட்டி வந்தது. சாய்தளமும் இன்வெர்ட்டரும் இருக்கிறதென்று பேரிகானப்பள்ளி ஆபீசில் வைத்தார்கள். வாரத்துக்கு ஒருமுறை துடைத்து வைக்க மூன்று ஊராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கும் முறை போட்டார்கள். தூய்மைப் பணியாளர் எல்லோரும் காலனிக்காரர்கள்தான். அவர்கள் உள்ளேயும் வெளியேயும் தொட்டுத் துடைப்பதில் எந்த ஊருக்கும் ஆட்சேபம் இல்லை. டெல்பின் பெட்டியைப் படம் பிடித்து ரியாத்துக்கு அனுப்பினாள். 'சூப்பர்மா' என்று ப்ரீதா பதில் போட்டாள். பஷீர் அஹமது பிழைப்பு போனதென்று தன் பெட்டியைச் சேலத்துக்காரருக்கு விற்றுவிட்டார்.

தொட்டிகானூர் ஆபீசைப் பெருக்குகிறவள் சாந்தம்மா. அந்த வருஷக் கோடையில் அவள் புருஷன் முனிவேல் செத்துப்போனான். மகள் முனிலட்சுமி மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்தாள். சாந்தம்மா ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள், உள்ளே வரவில்லை.

"கிளார்க்கம்மா, அந்தப் பொட்டி வேணும். பொண்ணு நாளைக்கு வந்துடறேன்னுது."

டெல்பின் வெங்கடப்பனுக்குப் போன் போட்டாள். "நம்ம பேசினதுதாம்மா," என்றார் அவர். போனை வைத்துவிட்டு டெல்பின் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். பெட்டி சர்வீசுக்குப் போயிருக்கிறது. சாயங்காலத்துக்குள் வந்துவிடும். வந்ததும் அனுப்புகிறேன்.

சாந்தம்மா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்று போனாள். காலனியில் சாயங்காலம்வரை காத்திருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் இனித் தாங்காது என்று எடுத்துவிட்டார்கள். மறுநாள் வந்த முனிலட்சுமிக்குப் பார்க்க மண்மேடுதான் இருந்தது. ஏர்போர்ட்டில் வாங்கிய பிஸ்கட் டப்பாவை அந்த மேட்டின்மேல் வைத்துவிட்டு அழுதாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

சாந்தம்மா மறுபடி வேலைக்கு வந்தாள். எதுவும் கேட்கவில்லை. டெல்பின் அவளுக்குச் சேர்த்து லீவு கொடுத்தாள், அதை இரக்கம் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டில் ஜான்பீட்டரிடம் சொன்னபோது அவன் தட்டை நகர்த்தி வைத்தான்.

"நீ எந்தத் தெருவுல பொறந்தன்னு உனக்கு மறந்துடுச்சு," என்றான்.

மறக்கவில்லை. அதுதான் கொடுமை. ஊத்தங்கரைப் பக்கம் அவள் பிறந்த தெருவும் ஊருக்கு வெளியேதான் இருந்தது. அவள் தாத்தா காலத்தில் கிறிஸ்தவ வேதத்துக்கு வந்தார்கள், கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது, தெரு மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. தொட்டிகானூரில் அவர்களைச் சர்ச்சுக்காரங்க என்றார்கள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லாமலே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள்.

மழைக்காலத்தில் டெல்பினின் அம்மா தேவமணி காலமானாள். துக்கம் கேட்க வெங்கடப்பனும் சாஜிதும் கார் எடுத்துக்கொண்டு ஊத்தங்கரை தாண்டி அவ்வளவு தூரம் போனார்கள். நல்ல மனசுதான், இல்லை என்று சொல்ல முடியாது. ஊருக்குள் வழி கேட்டபோது ஒரு கடைக்காரர் கையை நீட்டி, அந்தக் காலனிக் கோயிலுக்குப் பின்னால் என்று காட்டினார். டெல்பினின் தம்பி கிங்ஸ்டன் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். வெங்கடப்பன் கும்பிட்டு, "இன்னிக்கு சனிக்கெழம, எனக்கு விரதம்பா," என்றார். அன்று சனிக்கிழமைதான். ஆனால் சனிக்கிழமைகளில் ஒன்றிய ஆபீசில் அவர் டீ குடித்து டெல்பின் பார்த்திருக்கிறாள். அதற்குப்பின் கூட்டங்களில் அவர் அவளுக்கு ஒரு நாற்காலி தள்ளி உட்கார ஆரம்பித்தார். ஃபேன் காற்றுக்காக இருக்கும் என்று டெல்பின் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த கோடையில் ஒருநாள் காலை, ஷிப்ட் முடிந்து வந்த ஜான்பீட்டர் குளித்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். காபி வரட்டும் என்றான். டெல்பின் டம்ளரோடு வருவதற்குள் தலை சாய்ந்துவிட்டது. ஜூஜுவாடி கிளினிக் டாக்டர் வந்து பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். ப்ரீதாவுக்குப் போன் போயிற்று. அவள் கத்தியது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. அப்பா முகத்தைப் பார்க்காமல் எடுத்துவிடக் கூடாது, நாளைக் காலையில் பெங்களூரில் இறங்கிவிடுவேன், எனக்காக வைத்திரு என்றாள். வைத்திருக்கிறேன் என்று டெல்பின் சத்தியம் செய்தாள். நம்மிடம்தான் பெட்டி இருக்கிறதே என்றாள்.

வெங்கடப்பனைக் கூப்பிட்டாள். அவர் விஷயம் கேட்டு, அய்யோ என்றார். உண்மையாகவே பதறினார். பிறகு அவள் பெட்டியைக் கேட்டாள்.

"பொட்டி சர்வீசுக்குப் போயிருக்குதும்மா," என்றார். "சாயங்காலத்துக்குள்ள வந்துடும். வந்ததும் அனுப்பறேன்."

தான் செய்து கொடுத்த வாக்கியம், ஒரு சொல் மாறாமல் திரும்பி வந்தது. கேட்டவள் வேறு யாராக இருந்தாலும் அந்த நிமிஷமே புரிந்துகொண்டிருப்பாள். டெல்பின் நம்பினாள். நாமும் அந்தக் கூட்டில் ஒருத்தி, நமக்குச் சொன்னால் அது நிஜமாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். சாஜித் வந்து வாசலில் நின்று, "அக்கா, அத்திப்பள்ளியில ஒரு பொட்டி இருக்குதாம். சொல்லட்டுமா?" என்று கேட்டான். "வேணாம் சாஜித், வெங்கடப்பண்ணா அனுப்பறேன்னிருக்காரு," என்றாள். சாஜிதுக்குத் தெரிந்திருந்தது. தலையைக் குனிந்துகொண்டு நாற்காலிகளை எடுத்துப் போடப் போய்விட்டான். அத்திப்பள்ளிப் பெட்டி அரை மணியில் வேறொரு வீட்டுக்குப் போயிற்று.

வெயில் ஏறியது. அக்கம்பக்கத்திலிருந்து டேபிள் ஃபேன் கொண்டுவந்து நாலு பக்கமும் வைத்தார்கள். மத்தியானம் கரண்ட் போயிற்று. ஊதுவத்திக் கட்டுகள் எரிந்து தீர்ந்தன. டெல்பின் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபடியே, ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எட்டிப் பார்த்தாள். வெங்கடப்பன் போனை எடுக்கவில்லை.

வெயில் தாழ்ந்து, அவனோடு வேலை பார்த்த ஷிப்டுக்காரர்கள் வந்து மாலை போட்டுவிட்டுப் போனபிறகு குப்பை அள்ளும் பேட்டரி வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. சாந்தம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் இறங்கினார்கள். வண்டியில் சாக்கு போர்த்திய ஐஸ் பாளங்கள் சொட்டிக்கொண்டிருந்தன.

"இதெல்லாம் எதுக்கு சாந்தம்மா," என்றாள் டெல்பின். "பொட்டி சர்வீசுக்குப் போயிருக்குது. சாயங்காலம் வந்துடும்."

சாந்தம்மா சாக்கை விலக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"திங்கக்கெழம எம் மொற. நாந்தான் போயித் தொடச்சு வெச்சுட்டு வந்தேன். அங்கதான் இருக்குது. இப்ப வர்ற வழியிலயும் பாத்துட்டுதான் வரேன்." ஒரு பாளத்தைத் தூக்கி இன்னொருத்தியிடம் கொடுத்தாள். "எங்காளு செத்தப்பவும் மொத நாளு நாந்தான் தொடச்சேன்."

டெல்பின் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சுமா அன்னிக்கு சாயந்தரம் வரைக்கும் காத்திருந்தீங்க?"

"நீ சொன்னியே. கிளார்க்கம்மா வாயால சொல்லுது, ஒருவேள குடுத்தாலும் குடுக்கும்னு இருந்தோம்." இப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தாள். "ஒனக்காக வரல. அந்தப் புள்ள மொகம் பாக்கட்டும்னு வந்தேன். எந்திரி, வழி வுடு."

அந்தப் பெண்கள் ஐஸைச் சுற்றி அடுக்கி, மரத்தூளைப் போட்டு, உருகிய தண்ணீரை வாளியில் ஏந்தி வெளியே கொட்டினார்கள். பொழுது விடிகிறவரை மாற்றி மாற்றி வைத்தார்கள். ஆனால் பகல் முழுக்கக் காத்திருந்ததில் போனதை ஐஸால் திருப்பித் தர முடியவில்லை. காலையில் ஃபாதர் வந்தார், போர்வையை விலக்கிப் பார்த்தார், டெல்பினைத் தனியே அழைத்துப் போய் இனி வைக்கக் கூடாது என்றார். ப்ரீதா விமானத்தை விட்டு இறங்கிவிட்டாள். கார் அத்திப்பள்ளி தாண்டவில்லை, பார்டரில் லாரி கவிழ்ந்து வண்டிகள் நிற்கின்றன, பத்தே நிமிஷம் என்று போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். அந்தப் பத்து நிமிஷம் மணிக்கணக்கில் நீண்டது. கடைசியில் டெல்பினே தலையசைத்தாள்.

ப்ரீதா கல்லறைக்கு வந்தபோது மண்ணைத் தட்டிச் சமன் செய்துகொண்டிருந்தார்கள். பையைக் கீழே போட்டுவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்தாள்.

"ஏம்மா, உங்க ஆபீஸ்ல பொட்டி இருந்துச்சே. படம்லாம் அனுப்பினியே."

"பொட்டி சர்வீசுக்கு..." என்று டெல்பின் ஆரம்பித்தாள். பழக்கம். மகளைப் பார்த்தாள், கொஞ்சம் தள்ளிக் காலி வாளியோடு நின்ற சாந்தம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்த மண்மேட்டின் பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி இருந்த இடம், வாக்கியம் பிறந்த இடம், முனிலட்சுமி வந்து பார்த்த மேடு, எல்லாவற்றையும் சொன்னாள். ப்ரீதா கேட்டு முடித்தாள். அம்மாவின் தோளிலிருந்து கையை எடுத்தாள். சாந்தம்மாவிடம் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏழாம் நாள் பூசைக்குக்கூட இருக்காமல் ரியாத்துக்குத் திரும்பிவிட்டாள். அதற்கப்புறம் அம்மாவிடம் போனில் உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்குமேல் பேசுவதில்லை.

அடுத்த மாதம் மூன்று செயலர்களும் ஒன்றிய ஆபீசில் உட்கார்ந்தார்கள். வெங்கடப்பன் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்திலேயே போட்டுக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"நடந்தது நடந்துடுச்சும்மா. எம் மனசே கேக்கல. இனிமே யாருக்கும் அப்பிடி ஆவக் கூடாது. இன்னொரு பொட்டி வாங்கிடலாம். அதே கம்பெனி, கூட்டா வாங்கினா கொறச்சுத் தருவான். அத உங்க ஆபீசுலயே வெச்சுக்குங்க. யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்ல வேண்டியதில்ல."

சாஜித் நிமிர்ந்து பார்த்தான். டெல்பின் தாளை முன்னால் இழுத்தாள்.

"எதுக்கு ரெண்டாவது பொட்டின்னு எழுதணும்ணா. யாருக்கு மொதப் பொட்டி, யாருக்கு ரெண்டாவதுன்னு எழுதுங்க. கையெழுத்துப் போடறேன்."

"அதெல்லாம் எழுத வேணாம்மா..."

"போன தடவ அத எழுதல. அதனாலதான் எம் புருஷன வெயில்ல வெச்சிருந்தேன். முனிவேலையும் வெச்சிருந்தேன். மொதப் பொட்டி ஒருநாளும் சர்வீசுக்குப் போகல, அந்தப் பொய்ய சொல்லிக் குடுத்தது நான்னு எழுதுங்க. அதுக்குக் கீழ போடறேன்."

யாரும் எழுதவில்லை. அவள் தானே எழுதி, கையெழுத்துப் போட்டு, அதிகாரியின் மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். அதிகாரி படித்தார். கிருஷ்ணகிரி வரைக்கும் பேர் வாங்கிய ஏற்பாடு, இதைப்போய்க் கெடுத்துக்கொள்ள வேண்டுமா, உங்களுக்கு மனசு சரியில்லை, கொஞ்ச நாள் ஊர்ப்பக்கம் இருங்கள் என்றார். ஊத்தங்கரைக்கு அப்பால், பஸ் நின்று நின்று போகிற ஒரு வறண்ட ஊராட்சிக்கு மாற்றல் வந்தது. இரண்டாவது பெட்டிக்கான தாளில் புதிதாக வந்த செயலர் கையெழுத்துப் போட்டார். அதுவும் மலிவாகவே வந்தது. வேறு ஒன்றியங்களிலிருந்து ஆட்கள் வந்து இரண்டு பெட்டிகளையும் பார்த்து, மூன்று சின்ன ஊராட்சிகளுக்கு இரண்டா என்று வியந்துவிட்டுப் போனார்கள். எங்கேயும் புகார் இல்லை. கேட்டவர்களுக்கெல்லாம் பெட்டி போயிற்று, யாருக்கு எது என்று சொல்லாமலே போயிற்று.

ஒருநாள் மத்தியானம் டெல்பினுக்குச் சாந்தம்மாவிடமிருந்து போன் வந்தது. பி.எஃப். தாள் ஒன்றைப் பற்றிக் கேட்கத்தான் கூப்பிட்டிருந்தாள். பதில் சொல்லிவிட்டு டெல்பின் கேட்டாள்.

"பொட்டிங்களுக்கு இப்ப யாரு மொற?"

"மொறயெல்லாம் எடுத்துட்டாங்க. ரெண்டையும் நாந்தான் தொடைக்கறேன்," என்றாள் சாந்தம்மா. "ஒரே துணிதான்."